அத்தியும் ஒலிவமும் அரைத்த துவையல்



இன்று நாம் பேசப்போவது ஒரு துவையலைப் பற்றி. வானொலியில் துவையலா என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். பொறுத்துக் கேளுங்கள். இந்தத் துவையலுக்குள் யோத்தாமும் இருக்கிறார், ஆமோசும் இருக்கிறார், மௌரிய அரசன் ஒருவனும் இருக்கிறான். நம் ஜவ்வாது மலையின் ஓடைக்கரை அத்தி மரத்துக்கும் இதில் பங்கு உண்டு.

நகரத்துக் கடைகளில் இப்போது சிறு கண்ணாடிப் புட்டிகளில் 'தாப்பநாத்' என்றொரு பண்டம் விற்கிறார்கள். கறுப்பு ஒலிவக் காய்களையும் உலர்ந்த சீமை அத்திப் பழங்களையும் பூண்டோடும் எலுமிச்சைச் சாற்றோடும் சேர்த்து அரைத்து, ஒலிவ எண்ணெயில் குழைத்தது. ரொட்டித் துண்டின்மேல் தடவி, விருந்துக்கு முன்னால் பசியைக் கிளறுவதற்காகக் கொடுப்பார்கள். பங்குத் திருவிழாவுக்கு மலையேறி வந்த விருந்தினர் ஒருவர் அப்படி ஒரு புட்டியைக் கொண்டுவந்து தந்தார். சுற்றி நின்று ருசி பார்த்த பெண்கள் ஒரே குரலில், "துவையல்தானே இது!" என்றார்கள். அதைவிடச் சரியான விளக்கத்தை நாம் இதுவரை எந்தச் சமையல் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அந்தப் பெயரின் கதை பெரிதல்ல. பிரான்சின் தென்கரையில் உள்ள மார்சேய் துறைமுக நகரில், 1880ஆம் ஆண்டு வாக்கில், மெய்னியே என்ற சமையற்காரர் இதற்கு இந்த உருவத்தைக் கொடுத்தார் என்கிறார்கள். 'தாப்பெனோ' என்றால் அந்த வட்டார மொழியில் காப்பர் என்னும் செடியின் மொட்டு. உப்பிலும் காடியிலும் ஊறப்போட்ட அந்த மொட்டுதான் பண்டத்துக்குப் பெயர் தந்தது, ஒலிவம் அல்ல. அக்காலத்துச் சமையல் நூலில் பதிவான கணக்கு இது: ஒலிவம் 200 கிராம், காப்பர் மொட்டு 200 கிராம், உப்பிட்ட நெத்திலி 100 கிராம், சூரை மீன் 100 கிராம். நெத்திலியும் சூரையும்! கருவாட்டுத் துவையல் அரைக்கும் நம் வீடுகளுக்கு இது எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். அத்திப்பழம் சேர்ப்பது பிற்காலத்து வழக்கம். மீனை எடுத்துவிட்டு இனிப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பெயர் புதிது, பண்டம் பழையது. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 160 ஆண்டுகளுக்கு முன், கேட்டோ என்ற உரோமையர் வேளாண்மை நூல் ஒன்றை எழுதினார். அதில் ஒலிவத் துவையலுக்கு வழி சொல்லியிருக்கிறார். காய்களின் கொட்டையை நீக்கி நறுக்கி, எண்ணெயும் காடியும் ஊற்றி, கொத்தமல்லி, சீரகம், சோம்பு, சதாப்பு இலை, புதினா சேர்க்கச் சொல்கிறார். கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா என்பவர் அரைத்த ஒலிவத்தில் உப்போடு வெந்தயமும் சீரகமும் சோம்பும் போடச் சொல்கிறார். அந்தப் பட்டியலை நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒலிவம் ஒன்றுதான் புதிது. மற்றவை எல்லாம் ஊறுகாய்ச் சாமான்கள்.

அந்த ஒலிவமும் தமிழ்க் கரைக்கு வராமல் இல்லை. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது, உரோமையரின் இருகைப்பிடிச் சாடிகள் உடைந்த ஓடுகளாகக் கிடைத்தன. பிறகு அந்த ஓடுகளை ஆராய்ந்தவர்கள், அவற்றுள் பெரும்பாலானவை திராட்சை மது வந்த சாடிகள் என்றும், சில ஒலிவ எண்ணெயும் மீன் சாறும் வந்தவை என்றும் கண்டார்கள். அந்த எண்ணெயை உண்டவர்கள் யார்? பெரும்பாலும் அங்கே தங்கியிருந்த அயல்நாட்டு வணிகர்களாகவே இருக்கவேண்டும் என்பது நம் எண்ணம். நாக்கு எளிதில் நாடு மாறுவதில்லை. துபாய்க்கு வேலைக்குப் போகிற பிள்ளையின் பெட்டியில் அம்மா பருப்புப்பொடி வைப்பதில்லையா, அதுபோலத்தான்.

அத்திப்பழத்தின் பயணம் இதைவிடச் சுவையானது. அசோகரின் தந்தை பிந்துசாரர், சிரியாவை ஆண்ட அந்தியோக்கு மன்னருக்கு ஒரு மடல் அனுப்பினார். இனிப்பு மது, உலர்ந்த அத்திப்பழம், தத்துவ அறிஞர் ஒருவர் ஆகிய மூன்றையும் விலைக்கு வாங்கி அனுப்பும்படி கேட்டிருந்தார். மதுவும் அத்தியும் அனுப்புகிறோம், ஆனால் அறிஞர்களை விற்பது எங்கள் நாட்டில் முறையல்ல என்று பதில் வந்ததாம். கிரேக்க எழுத்தாளர் அத்தெனேயுஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். பேரரசனுக்கே அயலூர் அத்திமேல் ஆசை இருந்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் புட்டியைப் பார்த்து ஆசைப்பட்டால் அதில் வியப்பென்ன?

அத்தியும் ஒலிவமும் ஒன்றாகச் சேர்ந்து வருவதை முதலில் சொன்னது சமையற்காரர் அல்ல, திருவிவிலியம். இணைச்சட்ட நூலில் வாக்களிக்கப்பட்ட நாட்டின் விளைச்சல்களை அடுக்கும்போது கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, மாதுளை, தேன் இவற்றோடு அத்தியும் ஒலிவமும் இடம்பெறுகின்றன. நீதித்தலைவர்கள் நூலில் யோத்தாம் சொல்லும் கதை இன்னும் சிறப்பு. மரங்கள் எல்லாம் கூடித் தங்களுக்கு ஓர் அரசரைத் திருநிலைப்படுத்தப் புறப்பட்டன. முதலில் ஒலிவ மரத்திடம் போயின. என் கொழுமையை விட்டுவிட்டு மற்ற மரங்கள்மேல் அசைந்தாடுவதா என்று அது மறுத்தது. அடுத்து அத்தி மரம். என் இனிமையை விட முடியாது என்றது. திராட்சைக் கொடியும் மறுத்தது. கடைசியில் முட்புதர் ஒப்புக்கொண்டது. உடன்பிறந்தாரைக் கொன்று ஆட்சிக்கு வந்த அபிமெலக்கைக் குத்திக்காட்டச் சொன்ன கதை அது. அரசியல் மேடைகளுக்கு இன்றும் பழசாகாத கதை. நாம் இங்கே கவனிக்கவேண்டியது வேறு: ஒலிவத்துக்குக் கொழுமை, அத்திக்கு இனிமை என்று அந்தக் கதை பிரித்துச் சொல்கிறதே, அந்த இரண்டும்தான் துவையல் புட்டியிலும் சேருகின்றன.

மலையடிவாரத்தில் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் வாழும் இஸ்லாமியச் சகோதரர்களுக்கும் இந்த இரண்டும் அறிமுகமானவை. குர்ஆனின் 95ஆம் அத்தியாயத்தின் பெயரே அத்தி. அதன் தொடக்கத்திலேயே அத்தியும் ஒலிவமும் இணைந்து வருகின்றன. ஒலிவத்தை அவர்கள் சைத்தூன் என்பார்கள்.

உலர்ந்த அத்தி அக்காலத்தில் வெறும் தின்பண்டமாக இருக்கவில்லை, வழிப்பயணத்துக் கட்டுச்சோறாக இருந்தது. நாபாலின் மனைவி அபிகாயில், தாவீதின் சினத்தைத் தணிக்க விரைந்து போனபோது கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்ட பொருள்களில் 200 அத்திப்பழ அடைகள் இருந்தன. பழத்தை உலர்த்தி, இடித்து, அடையாகத் தட்டி வைப்பார்கள். எசேக்கியா மன்னருக்குக் கட்டி வந்தபோது எசாயா வைக்கச் சொன்ன மருந்தும் அத்தி அடைதான். அரிசிமாவும் மஞ்சளும் கிண்டிக் கட்டிக்குப் பற்றுப் போடுகிற நம் பாட்டிமார்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நேயர்களே, இங்கே ஒரு நுட்பம் உண்டு. திருவிவிலியத்தில் திராட்சைத் தோட்டத்தோடு சேர்ந்து வரும் அத்தி, நம் ஊர் அத்தி அல்ல. அது சீமை அத்தி. கிளை நுனியில் இலைகளுக்கு இடையே காய்ப்பது. நம் மலையின் ஓடைக்கரைகளில் நிற்கும் அத்தி, அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்ப்பது. மொழிபெயர்த்தவர்கள் பக்கத்து உறவைப் பார்த்து அதே பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அதில் தவறில்லை. அதே திருவிவிலியத்தில் இன்னோர் அத்தியும் வருகிறது. எரிகோவில் சக்கேயு ஏறி உட்கார்ந்தாரே, அந்த மரம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைக் காட்டத்தி என்று சொல்லும். அதுவும் நம் அத்தியைப் போலவே அடிமரத்தில் கொத்தாகக் காய்க்கும். எரிகோவின் அந்த மரத்துக்கு நெருங்கிய உறவு, கடையில் விற்கும் சீமை அத்தி அல்ல. செய்யாறு பிறக்கும் நம் மலையின் ஓடையோர மரம்தான்.

இந்தக் காட்டத்தி ஏழைகளின் பழம். இறைவாக்கினர் ஆமோஸ் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, தாம் இறைவாக்கினரின் மகன் அல்ல, ஆடுமாடு மேய்ப்பவர், காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொள்பவர் என்கிறார். அந்த வேலை என்ன தெரியுமா? காட்டத்திக் காயைச் சிறு கத்தியால் கீறிவிட வேண்டும். கீறினால் அடுத்த சில நாள்களில் பருத்துப் பழுக்கும். கீறாவிட்டால் நல்ல பழமாகாது. எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் நெடுங்காலம் நடந்த தொழில் இது. கீறிய இடத்தில் காய் தானே எத்திலீன் என்ற வாயுவை உண்டாக்கிக்கொண்டு பழுக்கிறது என்று இக்கால அறிவியல் சொல்கிறது. மரமேறி ஒவ்வொரு காயாகக் கீறியவர்தான் பெத்தேலின் அரச ஆலயத்தில் போய் நின்று, ஏழைகளை மிதிப்பவர்களைக் கண்டித்தார். ஆடு மேய்த்துக்கொண்டே கடுக்காயும் நெல்லியும் பொறுக்கும் நம் மலை மக்களுக்கு ஆமோஸ் அயலார் அல்லர்.

அத்தி பூத்தாற்போல என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அத்தி பூக்காமல் இல்லை. பூவெல்லாம் காய்க்கு உள்ளேயே இருக்கிறது. மிகச் சிறிய குளவி ஒன்று உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. பிட்டுப் பார்த்தால் பூச்சி தெரிவது அதனால்தான். ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் அதற்கே உரிய குளவி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1880களில் துருக்கியின் சிமிர்னா அத்தியைக் கொண்டுபோய் நட்டார்கள். மரம் செழித்தது, காய் பழுக்காமல் உதிர்ந்தது. ஆண்டுகள் பல கழிந்தன. 1899இல் அந்தக் குளவியையும் கொண்டுபோய் விட்ட பிறகுதான் பழம் கிடைத்தது. மரத்தை மட்டும் கப்பலேற்றினால் போதாது. அது பிறந்த மண்ணின் பூச்சியும் கூட வரவேண்டும்.

ஒலிவத்தின் செய்தியும் அப்படியே. பூப்பதற்கு அதற்கு நல்ல குளிர்காலம் வேண்டும். ராஜஸ்தானில் இஸ்ரேல் நாட்டின் உதவியோடு 2008 முதல் ஒலிவம் நட்டிருக்கிறார்கள். அங்கே பாலைவனத்துக் குளிர் இருக்கிறது. ஜவ்வாது மலையின் மார்கழிக் குளிர் நமக்குப் போர்வையைத் தேடவைக்கும். ஒலிவத்துக்கு அது போதாது.

மரம் இல்லை, ஆகவே பெயரும் இல்லை. அத்திக்குத் தமிழ்ப்பெயர் கிடைத்தது. ஒலிவம் அயல்மொழிப் பெயரோடேயே நம் செபங்களுக்குள் வந்தது. இயேசு இரத்த வியர்வை வியர்த்த இடம் ஒலிவ மலையின் அடிவாரம். கெத்சமனி என்ற பெயருக்குப் பொருள் எண்ணெய்ச் செக்கு. நம் ஊர்ப்புறங்களில் பழைய கல்செக்குகள் கவனிப்பாரின்றிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு செக்கு இருந்த தோட்டம் அது.

செக்கு என்றதும் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. இலத்தீன் மொழியில் எண்ணெய்க்கு 'ஓலெயும்' என்று பெயர். அந்தச் சொல் ஒலிவத்திலிருந்தே பிறந்தது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் எண்ணெயைக் குறிக்கும் சொல் அதன் வழிவந்தது. அவர்களுக்கு எண்ணெய் என்றாலே ஒலிவம். தமிழில் எண்ணெய் என்பது எள் கூட்டல் நெய். நமக்கு எண்ணெய் என்றாலே எள். அப்படியானால் ஒலிவ எண்ணெய் என்று நாம் சொல்வது, ஒலிவத்திலிருந்து எடுத்த எள்நெய் என்று சொல்வதாகிறது. சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் இந்தச் சிறு வேடிக்கைக்குள் நம் திருச்சபை சில நூற்றாண்டுகள் தடுமாறி நின்றிருக்கிறது.

1599ஆம் ஆண்டு கேரளத்தின் உதயம்பேரூரில், கோவாவின் பேராயர் அலெக்சிஸ் மெனேசிஸ் தலைமையில் ஒரு சங்கம் கூடியது. அங்கிருந்த தோமையார் கிறிஸ்தவர்களின் பல வழக்கங்களை அது விலக்கியது. திருமுழுக்கின்போது தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ பூசும் வழக்கமும் அவற்றுள் ஒன்று. ஆயர் மந்திரித்த ஒலிவ எண்ணெயே செல்லும் என்பது அன்றைய ஒழுங்கு. மலபார்க் கரையில் ஒலிவம் ஏது? கப்பல் வரவேண்டும்.

அதன்பின் இந்தியாவில் பணியாற்றிய மறைப்பணியாளர்கள் பலரும் சிறு வெள்ளிச் சிமிழில், பஞ்சில் நனைத்த ஒலிவ எண்ணெயைச் சுமந்து திரிந்தார்கள். அந்த எண்ணெய் எவ்வளவு அருமையாக இருந்தது என்பதற்கு 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமே சாட்சி. மந்திரித்த எண்ணெய் தீரும் நிலைக்கு வந்தால், மந்திரிக்காத ஒலிவ எண்ணெயை அதில் கலந்துகொள்ளலாம், ஆனால் இருப்பதைவிடக் குறைவாகவே கலக்கவேண்டும் என்று அது சொன்னது. வீட்டில் மோர் பற்றாதபோது தண்ணீர் விளாவுகிற கணக்குப் போல இருக்கிறது.

அதே 1917 சட்டத்தில் இன்னொரு விதி. நற்கருணைப் பேழைக்கு முன் எரியும் விளக்குக்கு ஒலிவ எண்ணெயோ தேன்மெழுகோ வேண்டும். ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில், ஆயர் தம் முன்மதியால் வேறு எண்ணெயை அனுமதிக்கலாம், கூடுமானவரை அது தாவர எண்ணெயாக இருக்கட்டும் என்றது. ஆக, விளக்குக்கு உள்ளூர் எண்ணெய் 1917இலேயே தகுதியாகிவிட்டது. சாகக் கிடக்கும் நோயாளியின் நெற்றிக்கு அது தகுதியாக இன்னும் 55 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. நடந்த வரிசையைச் சொல்கிறோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கதவு திறந்தது. எண்ணெய்களை மந்திரிக்கும் சடங்கு 1970இல் புதுப்பிக்கப்பட்டபோது வேறு தாவர எண்ணெய்க்கு இடம் கொடுக்கப்பட்டது. 1972 நவம்பர் 30 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல், நோயில்பூசுதல் பற்றிய தம் ஆணையில் அதையே உறுதிசெய்தார். சில நாடுகளில் ஒலிவ எண்ணெய் இல்லை அல்லது கிடைப்பது அரிது என்பதால், ஆயர்கள் பலர் கேட்டுக்கொண்டபடி, தாவரத்திலிருந்து எடுக்கப்பட்ட வேறு எண்ணெயையும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அதைப் பொது விதியாகவே எழுதிவைத்தது: ஒலிவத்திலிருந்தோ வேறு தாவரங்களிலிருந்தோ பிழியப்பட்ட எண்ணெய். 1599இல் விலக்கப்பட்டது 1972இல் உள்ளே வந்தது. 1952இல் வேலூர் மறைமாவட்டம் உருவானபோது, இந்த மலையடிவாரத்துக் கொல்லைகளில் எள் விளைந்தும், நோயாளிக்குப் பூச அந்த எண்ணெய் ஆகாது என்றுதான் சட்டம் இருந்தது. அப்போது இளைஞர்களாக இருந்தவர்களில் சிலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

எண்ணெய் விஷயத்தில் திருச்சபை கண்ட தெளிவை, நம் சாப்பாட்டு விஷயத்தில் நாம் இன்னும் காணவில்லை என்பதுதான் நம் கவலை.

மலையாளி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மலையை ஆள்பவர் மலையாளி. கேரளத்தாருக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே இந்த வட்டாரத்துக்கு ஓர் உணவு வரலாறு இருந்தது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பற்றியது. சேயாறு என்று அது சொல்வது நம் செய்யாற்றைத்தான். அந்த நூலில் வழிநடந்து களைத்து வரும் கூத்தர்களுக்கு மலைவாழ் மக்கள் தினைச்சோறும், மூங்கில் அரிசியும், பலாக்கொட்டையும், புளியும் மோரும் சேர்ந்த உணவும் கொடுக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு, கேட்காமலே.

இன்று நிலைமை என்ன? சாமைச் சோறு வீட்டுக்குள் உண்ணும் உணவாகிவிட்டது. விருந்தினர் வந்தால் ரேஷன் அரிசியாவது வெள்ளையாக இருக்கவேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளை டப்பாவில் களி கொண்டுபோக வெட்கப்படுகிறது. அதே சாமை நகரத்தில் அழகான பையில் ஏறி நல்ல விலைக்குப் போகிறது. ஓடைக்கரையில் அத்திப்பழம் மிதிபட்டு அழுகுகிறது. கீழே ஊருக்குப் போனால் அயல்நாட்டு உலர் அத்தியை நூறு கிராம் நிறுத்து வாங்கி வருகிறோம், இரத்தம் ஊறும் என்று. வாங்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிந்துசாரரே வாங்கியிருக்கிறார். ஆனால் நம்முடையதை மட்டம் என்று நினைத்துக்கொண்டு வாங்குவது வேறு.

ஒலிவக் காயை மரத்திலிருந்து பறித்து அப்படியே தின்னமுடியாது, தெரியுமா? வாயில் வைக்கமுடியாத கசப்பு. வாரக்கணக்கில் உப்புநீரில் ஊறினால்தான் உண்ணத்தகும். அந்த வேலையை நாம் நெல்லிக்காய்க்குச் செய்கிறோம். உப்பில் ஊறிக் கறுத்துச் சுருங்கிய நெல்லியைக் கொட்டை நீக்கி வைத்துப் பாருங்கள், ஒலிவத்துக்குக் கொஞ்சமும் குறையாது. காப்பர் மொட்டுக்கும் ஒரு தங்கை நம்மிடம் உண்டு. ஆதண்டங்காய் என்கிறோமே, கத்தி போன்ற முள்ளுள்ள புதர்க்கொடி, வற்றல் போடுவார்களே, அது காப்பர் குடும்பத்துச் செடிதான். தொண்டைமண்டலத்தை ஆண்டதாகக் கதைகளில் வரும் ஆதொண்டன் பெயரிலும் இந்தக் கொடி படர்ந்திருக்கிறது. ஆகவே மார்சேய்ச் சமையற்காரர் தேடிய மூன்றில் இரண்டு நம் வேலியோரத்திலேயே இருக்கின்றன. எண்ணெய்க்கு எள் இருக்கிறது.

புட்டியிலுள்ளதை வீட்டில் செய்ய விரும்புகிறவர்கள் இப்படிச் செய்யலாம். உலர்ந்த சீமை அத்தி எட்டு அல்லது பத்து. காம்பைக் கிள்ளி, வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து நறுக்குங்கள். கொட்டை நீக்கிய கறுப்பு ஒலிவம் ஒரு கிண்ணம், காப்பர் மொட்டு இரண்டு தேக்கரண்டி, பூண்டு ஒரு பல், பாதி எலுமிச்சையின் சாறு, மிளகு. எல்லாவற்றையும் கரகரப்பாக அரைத்து, மூன்று மேசைக்கரண்டி ஒலிவ எண்ணெய் விட்டுக் குழையுங்கள். உப்பு போடாதீர்கள், ஒலிவத்திலேயே போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கும்.

மலைத் துவையலுக்குப் பழுத்த அத்திப்பழத்தை இரண்டாகப் பிளந்து, தட்டி உதறிப் பூச்சியைப் போக்கி, வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவையுங்கள். நம் அத்திக்கு இனிப்புக் குறைவு. ஆகவே இரண்டு கைப்பிடி பழத்துக்கு ஒரு கரண்டி மலைத்தேன் ஊற்றி ஓர் இரவு வைத்துவிடுங்கள். உப்பு நெல்லி ஆறு அல்லது ஏழு எடுத்துக் கொட்டையை நீக்குங்கள். ஆதண்டங்காய் வற்றல் ஒரு சிறு பிடியை நல்லெண்ணெயில் பொரித்தெடுங்கள். வறுத்த சீரகம், மிளகு, இரண்டு பல் பூண்டு. முதலில் வற்றலையும் சீரகத்தையும் அம்மியில் பொடித்து, பிறகு நெல்லி, கடைசியாக அத்தி. மைய அரைக்கக் கூடாது, பல்லில் படவேண்டும். வற்றல் பொரித்த நல்லெண்ணெயையே மேலே ஊற்றிக் கிளறுங்கள். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். வெள்ளைக்காரர் இதை விருந்துக்கு முன்னால் வைப்பார்கள். நாம் உப்பும் ஊறுகாயும் முதலில் பரிமாறுகிறவர்கள். ஆகவே இலை ஓரத்தில் வையுங்கள், அல்லது சூடான கேழ்வரகு அடையின்மேல் தடவுங்கள். சாமைச் சோற்றோடு பிசைந்தால் இன்னும் நல்லது. அடுத்த முறை விருந்தினர் வரும்போது அதையே போடுங்கள்.